தெரியாதுகாரர்

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பொம்மிடிக்குப் போகிற சாலையில், மூடிப்போன ஒரு ஜவ்வரிசி மில்லின் வாசலில், ஒரு மெக்கானிக் கடை இருந்தது. லாரிகளை எடை போடுகிற பழைய கொட்டகையை வாடகைக்கு எடுத்துக் கடையாக்கியிருந்தார் அவர். பெயர்ப் பலகை கிடையாது. மாட்டியிருந்தாலும் யாரும் படித்திருக்கமாட்டார்கள். ஊருக்கு அது 'தெரியாதுகாரர் கடை'.

எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான்.

"என்ன கோளாறுங்க?"

"தெரியாதுங்க."

"எப்பக் குடுப்பீங்க?"

"அதுவும் இப்பத் தெரியாதுங்க."

எங்கள் பக்கத்தில் மெக்கானிக் என்றால், வண்டி தெருமுனை திரும்பும்போதே சத்தத்தை வைத்து நோயைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டாண்டு போடுவதற்குள் "கார்ப்ரேட்டர்" என்றோ "கிளட்ச் பிளேட்டு" என்றோ தீர்ப்பு வந்துவிட வேண்டும். அவர்தான் கெட்டிக்காரர். இவரிடம் வந்தவர்களில் பாதிப் பேர், "தெரியாதுங்கறவன்கிட்ட வண்டிய வுட்டுட்டு நான் என்ன பண்றது?" என்று அப்படியே திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். அவர் தடுக்கமாட்டார். மீதிப் பாதிப் பேர் வேறு எந்தக் கடைக்கும் போகமாட்டார்கள்.

அவர் பாலக்கோட்டுப் பக்கத்து ஆள். நெடுநெடுவென்று உயரம். முப்பத்தைந்து வயதிருக்கும். காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ் செருகியிருப்பார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். மதியச் சாப்பாடு கொண்டுவருகிற அவர் மனைவிக்கு வாய் அதிகம். புருஷன் பேசாததையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

"வூட்ல 'கொத்தில்லா', வெளிய வந்தா 'தெரியாது'. ரெண்டு பாஷையிலயும் இந்த மனுசனுக்கு இது ஒண்ணுதாங்கக்கா வருது. பொண்ணு பாக்க வந்தப்ப, பொண்ணப் புடிச்சிருக்கான்னு எங்கப்பா கேட்டாரு. அதுக்கும் கொத்தில்லான்னுட்டாரு. எங்கப்பா கோவத்துல எந்திரிச்சே போயிட்டாரு. அப்புறம் ஒரு மணி நேரம் எங்கூடப் பேசிட்டு வந்துதான் புடிச்சிருக்குன்னாரு."

ஒரு டெம்போவுக்கு அடியிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. "பேசாம எப்பிடித் தெரியும்?"

நான் அவரிடம் போனது என் ஸ்கூட்டருக்காக. எனக்குப் பொம்மிடி போஸ்ட் ஆபீஸில் கவுண்டர் வேலை. தினமும் ஸ்கூட்டரில்தான் போய்வருவேன். அந்த வருஷம் கல்லறைத் திருநாள் முடிந்த வாரத்திலிருந்து வண்டி பத்து நிமிஷம் ஓடும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டு உதைத்தால் கிளம்பும், மறுபடி பத்து நிமிஷத்தில் நிற்கும். மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஒருவர் பிளக்கை மாற்றினார், ஒருவர் கார்ப்ரேட்டரை மாற்றினார், மூன்றாமவர் வண்டியையே மாற்றச் சொன்னார்.

இவர், "தெரியாதுங்கக்கா, வுட்டுட்டுப் போங்க" என்றார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். "இதச் சொல்றதுக்கு ஒரு மெக்கானிக்கா?" என்று கேட்டேவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேங்கக்கா" என்றார்.

மறுநாள் போனபோது பெட்ரோல் டேங்கின் மூடியைக் கையில் வைத்திருந்தார். "சீட்டுக்கு அடியில மெழுகுவத்தி வெச்சிருந்தீங்களா?"

வைத்திருந்தேன். அம்மாவின் கல்லறையில் ஏற்ற வாங்கியதில் மிஞ்சிய நாலைந்து. அவை இன்ஜின் சூட்டில் உருகி, மூடியில் காற்றுப் போவதற்காக இருக்கிற ஊசித் துளையை அடைத்துவிட்டிருந்தன. காற்று உள்ளே போகாததால் பெட்ரோல் இறங்கவில்லை. குண்டூசியால் ஒரு குத்துக் குத்தினார். அவ்வளவுதான் வேலை.

கொட்டகையின் உள்சுவரில் ஆள் உயரத்துக்குக் கறுப்பு அடித்து வைத்திருந்தார். எந்த வண்டி வந்தாலும், ஸ்பேனரைத் தொடுவதற்கு முன், அந்த வண்டியைப் பற்றித் தனக்குத் தெரியாததையெல்லாம் சாக்பீஸால் அதில் எழுதுவார். தெரியத் தெரியப் பக்கத்தில் பதில் எழுதுவார். என் ஸ்கூட்டருக்கு "ஏன் பத்து நிமிஷம்?" என்று எழுதியிருந்தது. முந்தைய மூன்று பேரும் கேட்காத கேள்வி. எதிரில் "மெழுகு" என்று இருந்தது.

நான் கிளம்பும்போது அவர் கூப்பிட்டார். "அக்கா, நீங்க இந்தப் பக்கத்துக்காரங்கதானே? பின்னால குடோன்ல ஒரு காரு கெடக்குது. வந்து பாத்துச் சொல்றீங்களா? என்ன காருன்னு எனக்குத் தெரியல."

கிழங்கு மாவு படிந்த சாக்குகளை அவர் ஒவ்வொன்றாக விலக்கினார். முதலில் வட்டமான பின்விளக்குகள் தெரிந்தன. பிறகு கடுகு மஞ்சளில் ஒரு ஓரம். எட்டு வயதுக்குப் பிறகு நான் பார்க்காத கார் அது. மில் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததே அன்றுதான் முதல் தடவை. அந்த வழியாகப் போகிற பஸ்ஸில்கூட மறுபக்க ஜன்னலில்தான் உட்காருவேன்.

"இத வெட்டி எடைக்குப் போடச் சொல்லி மில்லுக்காரரு மகன் சேலத்துல இருந்து போன் பண்ணிக்கிட்டே இருக்காரு. கட்டர்காரன்கூட வந்துட்டுப் போயிட்டான். நாந்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்."

"ஏன்?"

"என்னன்னே தெரியாதத எப்பிடிங்கக்கா வெட்டறது?"

"வெட்டுங்க," என்றேன். "இப்பவே வெட்டுங்க. நான் பக்கத்துல நின்னு பாக்கறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். நான் சொன்னேன்.

அந்தக் காரை ஓட்டியவர் என் அப்பா. மெட்ராஸில் தூதரகத்து வண்டிகளை ஏலம் விட்டபோது மில் முதலாளி எடுத்துவந்த ஜப்பான் கார். தாலுகாவில் அப்படி இன்னொன்று கிடையாது. பின்பக்கம் 'ரோட்டரி' என்று இங்கிலீஷில் பொறித்திருக்கும். கண் சிகிச்சை முகாம் நடத்துகிற சங்கத்தில் முதலாளி சேர்ந்துவிட்டார், அதன் பெயரைத்தான் போட்டிருக்கிறார் என்று ஊர் நினைத்தது. முதலாளியும் இல்லை என்று சொல்லவில்லை. அப்பா அந்த வண்டியைத் துடைக்கிற பதத்தில் என் முகத்தைக்கூட ஒருநாளும் துடைத்துவிட்டதில்லை.

ஒரு சித்திரை மாதம், மஞ்சவாடி கணவாய் ஏற்றத்தில் வண்டி சூடேறி நின்றது. லாரியில் கட்டி இழுத்துவந்து மில் குடோனில் விட்டார்கள். முதலாளி வெளியூரில் இருந்தார். சாவி அப்பாவிடம். இன்ஜினுக்கு மேலே பெரிதாக உட்கார்ந்திருந்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றித் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு, மெக்கானிக் வருவதற்காகக் காத்திருந்தார் அப்பா. நடுவில் இரண்டு நாள் அவருக்குக் காய்ச்சல். அந்த இரண்டு நாளும் குடோனில் படுத்து வண்டியைப் பார்த்துக்கொண்டது என் மாமா, அம்மாவின் தம்பி.

முதலாளி சேலத்திலிருந்து பெயர்பெற்ற மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் பானெட்டைத் தூக்கினார். மேல் பெட்டி இல்லாத இன்ஜின் ஒரு பால் கேன் அளவுக்குத்தான் இருந்தது. பக்கவாட்டில் இருந்த பிளக்குகளை எண்ணினார். நாலு. "நாலு பிளக்குன்னா நாலு பிஸ்டன்" என்றார். ஃபேனைக் கையால் சுற்றினார். உள்ளே காற்று அழுந்திக் கையை எதிர்க்க வேண்டும். அது லேசாகச் சுற்றிக்கொண்டு போனது. "உள்ள பிஸ்டனே இல்லீங்க. பாதி இன்ஜினக் கழட்டி வித்துப்புட்டு மூடி வெச்சிருக்கானுங்க" என்றார். "ஒருவாட்டி தொறந்து பாருங்கய்யா" என்று அப்பா கெஞ்சினாராம். "இருபது வருசமா வண்டி பாக்கறேன். தொறந்து பாத்துத்தான் எனக்குத் தெரியணுமா?" என்று பானெட்டை மூடிவிட்டார் அவர்.

போலீசுக்குப் போகவில்லை. போயிருந்தால்கூட யாராவது ஒரு ஏட்டய்யா திறந்து பார்க்கச் சொல்லியிருப்பார். முதலாளி சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அப்பாவின் கையில் யாரும் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. எங்கள் காட்டில் மரவள்ளி நட்டுக்கொண்டு கிடந்தார். ஊரில் அவருக்குப் 'பிஸ்டன்காரர்' என்று பெயராயிற்று. நான் பள்ளிக்கூடத்தில் 'பிஸ்டன் பொண்ணு'. மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நீளக் கம்பில் கட்டிய காணிக்கைப் பையை வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டு போவது அப்பாதான். அடுத்த வாரம் அந்தக் கம்பு வேறொருவர் கையில் இருந்தது. யாரும் காரணம் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து கோயிலில் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்கத் தொடங்கினார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தெரியாதுகாரர் பானெட்டின் மேலிருந்த மாவைக் கையால் துடைத்தார்.

"பிஸ்டன் களவு போனது உங்களுக்குத் தெரியுங்களாக்கா?"

"ஊருக்கே தெரியும்."

"யாராச்சும் தொறந்து பாத்தாங்களா?"

முப்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் நடந்த சண்டையெல்லாம் யார் எடுத்தது என்பதைப் பற்றித்தான். எடுத்தார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவர் கொட்டகைக்குத் திரும்பிவந்து, காதிலிருந்து சாக்பீஸை உருவி, கறுப்புச் சுவரில் புதிதாக ஓர் இடத்தில் எழுதினார். "பிஸ்டன் எங்கே?"

யார் எடுத்தது என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே கிடையாது. சேலத்து மெக்கானிக் சொன்னதை அவரும் நம்பினார். தான் எடுக்கவில்லை. அப்படியானால் அந்த இரண்டு நாள் அங்கே படுத்திருந்தவன்தான். ஒரு மாதத்துக்குள் மாமா பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டதும் அவருக்கு அது உறுதியாகிவிட்டது. மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டார். அம்மா தம்பி வீட்டுக்குத் தனியாகப் போவாள், தனியாக வருவாள். என் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் வரவில்லை. அம்மா இறந்தபோது பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை எடுத்துக்கொண்டு மாமா வந்தார். பெட்டிக்கு ஒரு பக்கம் அவர் நின்றார், மறுபக்கம் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும்தான் தெரியுமே.

முதலாளியின் மகனுக்குப் போன் செய்து காரைக் கேட்டேன். "எடுத்துக்குங்க, எனக்கு எடம் காலியானாப் போதும்" என்றார். அப்பாவிடம் சொல்லவில்லை.

காரைக் கொட்டகைக்குத் தள்ளிவந்ததோடு சரி, பத்து நாள் தெரியாதுகாரர் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. போனில் எதையோ பார்ப்பார், இன்ஜினைப் பார்ப்பார், சுவரில் எழுதுவார். என்ன என்று கேட்டால், "போன்ல என்னென்னமோ போட்டிருக்கான். அது இந்த வண்டிக்குத்தானான்னு தெரியாது" என்பார். அந்தப் பத்து நாளும் எனக்குத் தூக்கம் சரியில்லை. அவருக்கு அப்போதே பாதி புரிந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று சண்டை போட்டேன். "பாதியில சொன்னதாலதானே உங்கப்பா கெட்டாரு" என்றார்.

பதினோராம் நாள் சனிக்கிழமை மதியம் வரச் சொன்னார். இன்ஜினைக் கீழே இறக்கி நிமிர்த்தி வைத்து, நீளநீளமான போல்ட்டுகளை உருவி, டிபன் கேரியரைப் பிரிப்பது போல அடுக்கு அடுக்காகத் தூக்கினார். ஒவ்வொரு அடுக்கையும் பழைய போர்வைமேல் வைத்துச் சாக்பீஸில் எண் போட்டார். மனைவி சோற்றுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் நின்றது அன்று ஒருநாள்தான். உள்ளேயிருந்து ஒரு முக்கோணம் வந்தது. பக்கங்கள் உப்பிய, கனமான இரும்பு முக்கோணம். இன்னொரு அடுக்கைத் தூக்கினார். அதே போல இன்னொன்று.

"உக்காருங்கக்கா. இந்த இன்ஜினுக்குப் பிஸ்டனே கெடையாதுங்க."

"கெடையாதுன்னா?"

"மேல கீழ போய் வர்றது ஒண்ணும் இல்ல. இந்த முக்கோணம் சுத்துது, அவ்வளவுதான் இன்ஜினு. பின்னால எழுதியிருக்குதே ரோட்டரின்னு, அது சங்கம் இல்லீங்க, இதான். ஒரு முக்கோணத்துக்கு ரெண்டு பிளக்கு. ரெண்டு முக்கோணம், நாலு பிளக்கு. மூலைக்கு மூலை காத்த அடைக்கற ஒரு சீலு இருக்கு பாருங்க, சுண்டுவெரல் நீளத்துக்கு? அதுல ரெண்டு ஒடஞ்சிருக்கு. சூட்டுல போயிருக்கணும். அதான் காத்துப் புடிக்கல. அதான் அன்னிக்கு ஃபேனு லேசாச் சுத்தியிருக்கு." கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "ஒரு சாமானும் கொறையலீங்கக்கா. யாரும் எதையும் தொடல."

நான் அழுதேன். வெட்கமில்லாமல், சத்தமாக அழுதேன். அவர் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் சுவருக்குப் போய், "பிஸ்டன் எங்கே?" என்பதற்கு எதிரில் "கிடையாது" என்று எழுதினார்.

அப்பாவை ஆட்டோவில் கூட்டிவந்தேன். எழுபது தாண்டியிருந்தது, முட்டி வலி. மில் வாசலைப் பார்த்ததும் இறங்கமாட்டேன் என்றார். கையைப் பிடித்து இறக்கினேன். தெரியாதுகாரர் அந்த முக்கோணத்தை அப்பாவின் மடியில் வைத்து, என்னிடம் சொன்னதையே மறுபடி முதலிலிருந்து சொன்னார். அப்பா அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"எப்பவுமே கெடையாதா தம்பி?"

"பொறந்ததுல இருந்தே கெடையாதுங்கய்யா."

அப்பா அழுவார் என்று நினைத்தேன். சேலத்துக்காரனைத் திட்டுவார், முதலாளியைத் திட்டுவார், முப்பது வருஷத்துக்கும் சேர்த்துக் கத்துவார் என்று நினைத்தேன். அவர் முக்கோணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பா, உங்க மாமன் நம்பர் உங்கிட்ட இருக்குதா?"

நான்தான் பேசினேன். விஷயத்தைப் போனில் சொல்லாதே என்று அப்பா சொல்லியிருந்தார். "அப்பா உங்களப் பாக்கணுங்கறாரு மாமா" என்று மட்டும் சொன்னேன். "பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பல மாதம் வரவில்லை.

வண்டியை ஓட வைத்தே தீருவது என்று அப்பா பிடிவாதமாக நின்றார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. உடைந்த சீலுக்கு மாற்று இந்தியாவில் எங்கேயும் அகப்படவில்லை. தெரியாதுகாரர் இந்த வகைக் கார் வைத்திருப்பவர்கள் கூடுகிற ஏதோ ஓர் இணையக் குழுவில் படங்களைப் போட்டு, "எனக்கு இது தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று எழுதினார். நியூசிலாந்திலிருந்து ஒரு கிழவர் பதில் போட்டார். இவருடைய இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனாலும் ஸ்க்ரூ ஸ்க்ரூவாகப் பேசிக்கொண்டார்கள். அவர் அனுப்பிய சீல்கள் என் கவுண்டருக்கே பார்சலாக வந்தன. உள்சுவர் கீறிப்போன ஓர் அடுக்குக்குப் பதிலாகத் தன்னிடமிருந்த பழையதையும் பிறகு அனுப்பிவைத்தார். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

டிங்கரிங், பெயின்ட் எல்லாம் அந்தக் கொட்டகையிலேயே நடந்தது. கடுகு மஞ்சளில் எந்த மஞ்சள் என்று தெரியவில்லை. அதையும் சுவரில் எழுதினார். கதவு ரப்பரை உரித்தபோது, வெயில் படாத ஓரத்தில் பழைய நிறம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக் கலந்தார். அப்பா தினமும் ஆட்டோவில் வந்து, கவிழ்த்த டின்னில் உட்கார்ந்து, நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருப்பார். செய்தி பரவிவிட்டது. கோயிலில் ஃபாதருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் எங்கள் வீட்டுக்கே வந்து, காணிக்கைப் பையை மறுபடி பிடிக்க வேண்டும் என்று கேட்டார். "எம் முட்டி நிக்காதுங்க" என்று அனுப்பிவிட்டார் அப்பா. ஆனால் அந்த ஞாயிறு தூணை விட்டு முன்வரிசைக்குப் போனார்.

கோயமுத்தூரிலிருந்து பழைய கார் சேர்க்கிறவர்கள் இரண்டு பேர் வந்து, வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "இந்தியாவுல இது பத்துகூட இருக்காதுங்க" என்றார் ஒருவர். "எண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டார் தெரியாதுகாரர். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். அவர்களுக்கு முகம் சுண்டிவிட்டது.

மில் நிலம் விற்றுப்போனதும் அவர் கடையைக் காலி செய்துகொண்டு ஓசூர்ப் பக்கம் போய்விட்டார். கார் இப்போது எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் மாடு இல்லாத பாதியில் நிற்கிறது. என் கவுண்டரில் யாராவது வந்து, "பார்சல் நாளைக்கு வந்துருங்களா?" என்று கேட்டால், முன்பெல்லாம் "வந்துடும்" என்று தள்ளிவிடுவேன். இப்போது, "தெரியாதுங்க, பாத்துச் சொல்றேன்" என்கிறேன். முறைத்துப் பார்க்கிறார்கள். பரவாயில்லை. ஒரு மனிதர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன சொல் அது, அதைச் சொல்லும்போதெல்லாம் மனசுக்குள் அவருக்கு ஒரு கும்பிடு போடுகிறேன். அவரை நினைக்கத் தொடங்கினால் கடைசியில் அந்த ஒரு நாளில்தான் வந்து நிற்பேன்.

இன்ஜினை வண்டியில் ஏற்றி எல்லாம் தயாராகிவிட்டிருந்தது. அப்பா சாவியைத் தொடவில்லை. "எம் மாப்ள வரட்டும்" என்றார், மாமாவைச் சொல்லி.

"வருவாருங்களாய்யா?"

"தெரியாதுங்க தம்பி," என்றார் அப்பா. அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தெரியாதுகாரர் தலையாட்டிவிட்டு வேறு வண்டியைப் பார்க்கப் போனார்.

நான் மறுபடி போன் செய்தேன். இந்தத் தடவை கெஞ்சினேன். இரண்டு நாள் கழித்து மாமா பெங்களூரிலிருந்து ரயிலில் வந்து பொம்மிடியில் இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தேன். கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று காரையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்பா வா என்று சொல்லவில்லை. கையை நீட்டிச் சுவரைக் காட்டினார்.

மாமா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "பிஸ்டன் எங்கே... கிடையாது. கெடையாதுன்னா?"

"இந்த வண்டிக்குப் பிஸ்டனே கெடையாதாம் மாப்ள. பொறக்கும்போதே கெடையாதாம். நாம்பதான்..." அப்பா நீட்டிய கையை இறக்கினார். "நான் உன்னத்தான் நெனச்சேன். இத்தன வருசமா உன்னத்தான் நெனச்சிக்கிட்டிருந்தேன்."

மாமா கவிழ்த்த டின்னில் மெதுவாக உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் உங்களத்தான் நெனச்சேன் மச்சான்."

அப்பா அவரைப் பார்த்தார்.

"காய்ச்சல்னு சொல்லி என்னக் கொண்டாந்து இங்க படுக்க வெச்சீங்களே. சாமானத்த வித்துப்புட்டுப் பழிய எம்மேல போடத்தான்னு நெனச்சேன். அக்கா இருக்கறாளேன்னுதான் வாயத் தொறக்காம பெங்களூருக்குப் போயிட்டேன். அக்கா போனப்பவும் தொறக்கல."

பிறகு அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று பதறிக்கொண்டு கிட்டே போனேன். சிரிப்பு. மாமாவும் சிரித்தார். இரண்டு கிழவர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார்கள். இதைப் பார்க்க அம்மா இல்லை. அவள் இரண்டு திருடர்களுக்கு நடுவில் வாழ்ந்து செத்தாள். இரண்டு பேருமே திருடவில்லை.

"ஏறு மாப்ள," என்றார் அப்பா.

சாவியைத் திருப்பினார். இரண்டு முறை இருமிவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது. தடதடப்பு இல்லை, தையல் மெஷினை வேகமாக மிதிப்பது போல ஒரே சீரான சத்தம். ஜவ்வரிசி காயப்போடுகிற பெரிய சிமெண்டுக் களத்தில் அப்பா அதை மெதுவாக வட்டம் அடித்து ஓட்டினார். பக்கத்தில் மாமா ஜன்னலில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். அப்பாவின் முட்டி கிளட்சை மிதிக்க ஒத்துழைத்தது எப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தெரியாதுகாரர் கொட்டகை வாசலில், என் பக்கத்தில், கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. நன்றி என்ற சொல் அதற்குப் போதவில்லை.

"நீங்க எங்க குடும்பத்துக்கு என்ன பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அதற்குச் சிரிக்கக்கூடத் தயாராக இருந்தேன். அவர் களத்தில் சுற்றுகிற வண்டியைப் பார்த்தார். உள்ளே இருந்த இரண்டு நரைத்த தலைகளையும் ஒரு முழுச் சுற்று முடியும்வரை பார்த்தார்.

"தெரியுங்கக்கா," என்றார்.

பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "பிரேக்கு இன்னும் முழுசாப் பாக்கல. அய்யாவ மெதுவாப் போகச் சொல்லுங்க" என்றார்.